தொடக்க மாணாக்கர்க்கு யுகுலேலே பயிற்றும் முறை

இசையைக் கேட்டு இன்புறுதல் எல்லார்க்கும் இயல்வது. இசைக்கருவியொன்றைத் தன் கையால் இயக்கி இன்புறுதல் சிலர்க்கே வாய்ப்பது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்க முயன்று பாதி வழியில் நின்றுவிட்டோர் தொகை மிகப் பெரிது. வீட்டின் மூலையில் உறையிட்டு வைக்கப்பட்ட வயலினும், தந்தியறுந்து கிடக்கும் கிற்றாரும் அவர்தம் முயற்சிக்குச் சான்றாய் உள்ளன. அன்னோரை வினவின் பெரும்பாலோர் கூறும் விடை ஒன்றே: "எனக்கு அது வரவில்லை." வராமைக்குக் காரணம் மாணாக்கரிடத்து உள்ளதா, அன்றி அவர்க்குப் பயிற்றிய முறையில் உள்ளதா என்பது ஆசிரியராயினார் யாவரும் ஆராய வேண்டிய வினாவாகும்.

இவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்ற கருவி யுகுலேலே ஆகும். சிறிய உடல், நான்கே தந்திகள், குறைந்த விலை என்னும் இயல்புகளால் எளிதிற் கற்கத்தக்க கருவி என்னும் பெயரை அஃது உலகெங்கும் பெற்றுள்ளது. அப்பெயரே அதற்கு ஓர் இடையூறாகவும் ஆயிற்று. எளிது என்று நம்பித் தொடங்கிய ஒருவர் இரண்டு கிழமையில் இடர்ப்படின், "எளிய கருவியே எனக்கு வரவில்லையெனின் பிற கருவிகள் எங்ஙனம் வரும்?" என்று இசையையே கைவிட்டு விடுகின்றார். ஆகவே இக்கருவியை முதன்முதற் பயிற்றுவோரின் பொறுப்பு, கருவியின் உருவத்தைப் போலச் சிறியதன்று.

கருவியின் வரலாறு

யுகுலேலே பசுபிக் பெருங்கடலின் நடுவே உள்ள ஹாவாய்த் தீவுகளுக்கு உரியது எனினும், அதன் முன்னோர் போர்த்துக்கல் நாட்டுக்குரிய மதேராத் தீவிலே தோன்றியவர். 1879ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 23ஆந் திகதி 'றேவன்ஸ்கிராக்' என்னும் கப்பல், கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தற்பொருட்டு மதேராவிலிருந்து புறப்பட்ட நானூற்றுக்கு மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு ஹொனலூலுத் துறைமுகத்தை அடைந்தது. அவருள் மானுவேல் நூனெஸ், ஜோசே டோ எஸ்பிரித்தோ சாந்தோ, அகஸ்தோ டியாஸ் என்னும் மூவர் மரவேலையில் வல்லவர். தோட்ட வேலை முடிந்த பின்னர் அவர்கள் ஹொனலூலுவில் தச்சுத் தொழில் நடத்தித் தம் தாயகத்துச் சிறு தந்திக்கருவிகளையும் செய்து விற்கலாயினர்.

அத்தாயகக் கருவிகள் இருவகைப்பட்டன. ஒன்று மசேட்டே எனவும் பிராகிஞ்ஞா எனவும் வழங்கிய நாற்றந்திக் கருவி. மற்றொன்று ராஜாவோ எனப்பட்ட ஐந்தந்திக் கருவி. முன்னதன் உருவத்தையும் பின்னதன் சுருதியமைப்பையும் தழுவி எழுந்ததே யுகுலேலே. தீவுகளில் வளரும் கோவா என்னும் மரம் அதற்கு உடலாயிற்று. ஹாவாய் மொழியில் 'உகு' என்பது தெள்ளுப்பூச்சியையும், 'லேலே' என்பது துள்ளுதலையும் குறிக்கும். தந்திகளின்மேல் விரல்கள் துள்ளியோடுதலைக் கண்டு அப்பெயர் இட்டனர் என்பர். அரசி லிலியுகலானி இதனை ஏற்காது, 'இங்கு வந்த கொடை' எனப் பொருள் கூறினார் என்பதும் வழக்கு. 1874 முதல் 1891 வரை ஆண்ட கலாக்காவா மன்னர் இக்கருவியை விரும்பி ஆதரித்து அரண்மனை விழாக்களில் ஹூலா நடனத்தோடு இசைப்பித்தமையால், வந்தேறிகளின் கருவி சில ஆண்டுகளுள் அந்நாட்டு மக்களின் சொந்தக் கருவியாயிற்று.

1906ஆம் ஆண்டில் ஏர்ணஸ்ட் காஆய் என்னும் ஹாவாய் இசைவாணர் இக்கருவியைக் கற்பிக்கும் நூலொன்றை வெளியிட்டார். 1915ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் ஹாவாய் மண்டபத்தின் இசையைக் கேட்டோர் வாயிலாக அமெரிக்கா முழுவதும் அதன் புகழ் பரவியது. பின்னர் நெகிழிப் பொருளாற் செய்த மலிவான கருவிகள் 1949 முதல் இலட்சக்கணக்கில் விற்பனையாயின. விளையாட்டுப் பொருள் போல விற்கப்பட்ட அக்கருவியை விளையாட்டுப் பொருளாகவே பலரும் மதித்தனர். அதனைக் கல்விக்குரிய கருவியாக மதித்த பெருமை கனடா நாட்டு ஆசிரியர் ஒருவரைச் சாரும்.

ஹலிபாக்ஸ் நகரப் பள்ளிகள்

கனடாவின் கீழ்க்கரையில் நோவா ஸ்கோசியா மாகாணத்தின் தலைநகராய் விளங்குவது ஹலிபாக்ஸ். அந்நகரப் பள்ளிகளின் இசைக் கல்விக்குப் பொறுப்பாக ஜே. சால்மேர்ஸ் டோன் என்பவர் 1967ஆம் ஆண்டளவில் அமர்ந்தார். குரல் வளமுடையார் பாடற்குழுவிற் சேர்வர். பொருள் வளமுடையார் பியானோவோ வயலினோ பயில்வர். ஏனைய மாணாக்கர்க்கு இசை என்பது பிறர் நிகழ்த்தக் கேட்பதாகவே முடியும். பள்ளிகளில் பரக்கக் காணப்படும் இந்நிலையை மாற்றி, வகுப்பிலுள்ள எல்லா மாணாக்கரையும் இசைப்பவராக்குதல் அவர் கருத்து. அதற்கு அவர் தேர்ந்தெடுத்த கருவி யுகுலேலே.

அத்தேர்வுக்கு உரிய காரணங்கள் தெளிவானவை. குழலை ஊதும் மாணாக்கர் ஊதும்போது பாட இயலாது. யுகுலேலேயை இசைப்பவரோ உடன் பாடவும் இயலும். பியானோவை வகுப்பில் ஒருவரே வாசித்தல் கூடும். யுகுலேலேயை முப்பது பேரும் ஒருங்கே வாசித்தல் கூடும். அதன் ஒலி மென்மையானதாகலின் முப்பது கருவிகள் ஒருங்கே ஒலிப்பினும் அயல் வகுப்புக்கு இடையூறு பெரிதாகாது. அதில் ஒற்றைச் சுரமாகப் பண்ணையும் வாசிக்கலாம். பல சுரங்களை ஒருங்கே ஒலித்துப் பாட்டுக்குத் துணையும் செய்யலாம். ஆக, இசையின் கூறுகள் பலவற்றையும் ஒரு கருவியிற் காட்டுதல் கூடும்.

டோன் அவர்கள் செய்வதற்கு எளிய முக்கோண வடிவில் ஒரு யுகுலேலேயை அமைப்பித்தார். நான்காந் தந்தியைத் தாழ்ந்த சுருதியில் வைத்து, பண்களை வாசித்தற்குரிய எல்லையையும் விரித்தார். கருவியை இசைப்பித்தல் மட்டும் அவர் குறிக்கோளன்று. பாடுதல், செவியால் அறிதல், சுரம் எழுதிய ஏட்டைப் படித்தல், குழுவோடு இயைதல் ஆகிய யாவற்றையும் அக்கருவி வாயிலாகப் பயிற்றுதலே குறிக்கோள். 1970களில் அம்முறை கனடாவின் பல மாகாணங்களுக்கும் பரவிற்று. மேற்குக்கரையில் லாங்லி என்னும் ஊர்ப் பள்ளிகளில் அது நன்கு வேரூன்றியது. அங்குப் பயின்று பெயர்பெற்ற ஜேம்ஸ் ஹில் என்னும் கலைஞர், பிற்காலத்தில் டோன் அவர்களுடன் சேர்ந்து வகுப்பறைக்கான புதிய பாடநூல் வரிசையொன்றை ஆக்கினார். தொடங்கிய ஊர்கள் எல்லாவற்றிலும் அம்முறை நிலைத்ததன்று; எனினும் யுகுலேலே பள்ளிக்குரிய கருவி என்னும் எண்ணம் நிலைத்துவிட்டது. பிரித்தானியாவிலும் நியூசிலாந்திலும் முன்னர் றெக்கோடர் என்னும் குழல் பெற்றிருந்த இடத்தைப் பல பள்ளிகளில் இன்று யுகுலேலே பெற்றுள்ளது.

அமைப்பும் சுருதியும்

யுகுலேலே நால்வகை அளவின. சொப்பிரானோ என்பது யாவற்றினும் சிறியது. அதனினும் பெரியவை முறையே கொன்சேர்ட், ரெனர், பரிற்றோன் எனப் பெயர் பெறும். சொப்பிரானோவில் ஒலிக்குந் தந்தியின் நீளம் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர். பெருங் கிற்றாரில் அது 65 சென்ரிமீற்றர் அளவினது. தந்தியின் நீளத்தை ஏறத்தாழப் பதினெட்டாற் பிரித்தால் வருவதே முதல் மெட்டு அமையும் தூரமாகும். ஆதலின் கிற்றாரில் முதல் மெட்டு மூன்றரைச் சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தில் அமைய, சொப்பிரானோவில் இரண்டு சென்ரிமீற்றரளவில் அமைகின்றது. எட்டு வயதுப் பிள்ளையின் விரல்கள் வருந்தாது மெட்டுக்களை எட்டுதற்குக் காரணம் இதுவே. தந்திகளும் நைலோன் போன்ற மென்பொருளால் ஆயவை; உருக்குத் தந்தியைப்போல விரல் நுனியை அறுப்பனவல்ல.

கருவியை மடியில் ஏந்தும்போது நிலத்தை நோக்கியுள்ளது முதற்றந்தி. முகத்தை நோக்கியுள்ளது நான்காந் தந்தி. நான்காவதிலிருந்து எண்ணினால் அவற்றின் சுருதிகள் ஜீ, சீ, ஈ, ஏ என்பன. சீயைச் சட்ஜமாகக் கொள்ளின் அவை பஞ்சமம், சட்ஜம், அந்தர காந்தாரம், சதுச்ருதி தைவதம், அதாவது ப, ஸ, க, த என நிற்கும். ஆங்கிலேயர் "என் நாய்க்குத் தெள்ளுண்டு" எனப் பொருள்படும் நாற்சொற் றொடரொன்றை இச்சுரங்களிற் பாடிச் சுருதியை நினைவிற் கொள்வர். சுரம் பாடிப் பழகிய மாணாக்கர்க்கு அத்தகைய தொடர் வேண்டா. ப, ஸ, க, த என்று பாடுதலே போதும்.

தொடக்க மாணாக்கரை மயக்குவது இதிலுள்ள ஒரு புதுமை. தந்திகள் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிக்கு ஒழுங்காய் ஏறுவன அல்ல. நான்காந் தந்தியின் பஞ்சமம், அடுத்துள்ள மூன்றாந் தந்தியின் சட்ஜத்தினும் உயர்ந்து ஒலிக்கும். தம்புராவை அறிந்தார்க்கு இது வியப்பன்று. அதிலும் தந்திகள் பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என நிற்பனவேயன்றி ஒரே சீராய் ஏறுவனவல்ல. யுகுலேலேயின் கலகலப்பான ஒலிக்கு இவ்வமைப்பே காரணமாகும்.

முதற் பாடங்கள்

முதற் பாடத்திற்கு முன்பே ஆசிரியர் செய்ய வேண்டுவது ஒன்றுண்டு. எல்லாக் கருவிகளையும் தாமே சுருதி சேர்த்து வைத்தலே அது. புதிய நைலோன் தந்தி சில நாட்கள் வரை நீண்டு தளர்ந்துகொண்டே இருக்கும். காலையிற் சேர்த்த சுருதி மாலையில் இறங்கிவிடும். இதனை அறியாத மாணாக்கர், தாம் சரியாக விரல் வைத்தும் இன்னா ஓசை பிறத்தல் கண்டு, பிழை தம்முடையதே என எண்ணுவர். தொடக்கத்திலேயே கைவிடுவோருள் பலர் இவ்வாறு கருவியின் குற்றத்தைத் தம் குற்றமாகக் கொண்டவராவர். கருவித் தலையிற் கவ்வவைக்கும் மின்னணுச் சுருதிமானி இன்று மலிவாய்க் கிடைக்கின்றது. அதனைப் பயன்படுத்துதல் தவறன்று. ஆயின் மாணாக்கர் முதலில் தந்தியின் ஒலியைக் கேட்டு, அதனைப் பாடி, ஏறியதோ இறங்கியதோ என்று கூறிய பின்னரே மானியைப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு பழகின் சில திங்களில் செவியே மானியாகும்.

கருவியை ஏந்தும் முறை அடுத்தது. வலக் கையின் முன்கை கருவியின் உடலை மார்போடு மெல்ல அணைத்துக்கொள்ள, இடக் கை அதன் கழுத்தைத் தாங்கும். இடக் கைப் பெருவிரல் கழுத்தின் பின்புறத்தே நிற்றல் வேண்டும். கழுத்தை இறுகப் பற்றுதல் ஆகாது. வலக் கையைச் சுட்டுவிரல் நீளத் தளர்வாக வைத்து, உடலும் கழுத்தும் கூடும் இடத்திற்கு அண்மையில் மணிக்கட்டின் அசைவால் தந்திகளை வருடுதல் வேண்டும். கீழ்நோக்கி வருடும்போது நகமும், மேல்நோக்கி வருடும்போது விரலின் சதையும் தந்தியைத் தொடும்.

முதல் நாளில் இடக் கைக்கு வேலை கொடாதிருத்தல் நன்று. மாணாக்கர் முதலில் கையால் நான்கெண்ணித் தாளமிடட்டும். பின்னர் அத்தாளத்திற்கு ஏற்பத் திறந்த தந்திகளைக் கீழ்நோக்கி வருடட்டும். அதன் பின்னர் வருடிக்கொண்டே எண்களை வாய்விட்டுச் சொல்லட்டும். கையும் வாயும் செவியும் ஒரு தாளத்தில் ஒன்றுபடுதலே முதற் பாடத்தின் பயன். இதனைச் சிறிய செயலெனக் கருதிக் கடந்து செல்லும் ஆசிரியர், பின்னர் ஒவ்வொரு பாடத்திலும் இதற்காகவே காலத்தைச் செலவிட நேரும்.

கூட்டுச் சுரங்கள்

மேனாட்டிசையில் மூன்றோ நான்கோ சுரங்களை ஒருங்கே ஒலித்தலைக் கோட் என்பர். ஈண்டு அதனைக் கூட்டுச்சுரம் எனலாம். தொடக்கத்திற் கற்பிக்கத்தக்க கூட்டுச்சுரங்கள் நான்கு. அவற்றைக் கற்பிக்கும் வரிசையில் ஒரு நுட்பம் உளது.

முதலாவது சீ. இதற்கு ஒரு விரலே போதும். முதற்றந்தியின் மூன்றாம் மெட்டில் மோதிரவிரலை வைத்து நான்கு தந்திகளையும் வருடினால் ப, ஸ, க, மேற்ஸ என்னும் சுரங்கள் ஒலிக்கும். இரண்டாவது ஏ மைனர். இதற்கும் ஒரு விரலே. நான்காந் தந்தியின் இரண்டாம் மெட்டில் நடுவிரலை வைத்தால் த, ஸ, க, த என்பன ஒலிக்கும். மூன்றாவது எப். ஏ மைனரில் வைத்த நடுவிரலை எடாது, இரண்டாந் தந்தியின் முதல் மெட்டில் சுட்டுவிரலையும் வைத்தால் த, ஸ, ம, த என்னும் எப் பிறக்கும். நான்காவது ஜீ ஏழு. எப்பில் வைத்த சுட்டுவிரல் அவ்விடத்தேயே நிற்க, நடுவிரலை நான்காந் தந்தியிலிருந்து மூன்றாந் தந்தியின் இரண்டாம் மெட்டுக்கு மாற்றி, முதற்றந்தியின் இரண்டாம் மெட்டில் மோதிரவிரலை வைத்தால் ப, ரி, ம, நி என்பன ஒலிக்கும்.

ஏ மைனரிலிருந்து எப்புக்குச் செல்லும்போதும், எப்பிலிருந்து ஜீ ஏழுக்குச் செல்லும்போதும் ஒரு விரலேனும் இருந்த இடத்திலேயே நிற்கின்றது என்பது நோக்கத்தக்கது. நிற்கும் விரல் ஏனைய விரல்களுக்கு ஊன்றுகோல் போல உதவுகின்றது. இவ்வரிசையை விடுத்து, பாட்டொன்றிற்கு வேண்டும் என்பதற்காக ஜீ ஏழை முதல் நாளிலேயே கற்பித்தல், படிகளை விட்டு மாடிக்குத் தாவச் சொல்லுதலை ஒக்கும்.

சீ, எப், ஜீ ஏழு என்னும் மூன்றையும் ஆராயின் வேறோர் உண்மையும் புலனாகும். சீயில் ஸ, க, ப உள்ளன. எப்பில் ம, த, ஸ உள்ளன. ஜீ ஏழில் ப, நி, ரி, ம உள்ளன. ஆக, சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் இம்மூன்று கூட்டினுள் அடங்கிவிடுகின்றன. எளிய பாடல்கள் பலவற்றுக்கு இம்மூன்றே துணையாதற்குக் காரணம், பாடும் சுரம் யாதாயினும் அதனைத் தன்னுட்கொண்ட கூட்டு ஒன்று இருத்தலேயாம். இக்காரணத்தை விளக்காது விரல் வைக்கும் இடத்தை மட்டும் காட்டும் ஆசிரியரிடம் கற்றவர், காட்டிய பாட்டை இசைப்பர். காட்டாத பாட்டை இசையார்.

மெட்டை அழுத்தும் முறையிலும் கருத்து வேண்டும். விரல் மெட்டின்மேல் நில்லாது, அதற்குச் சற்றுப் பின்னே, கருவித் தலையை நோக்கிய பக்கத்தில் நிற்றல் வேண்டும். அப்போது சிறிய அழுத்தமே தெளிந்த ஒலியைத் தரும். தூரத்தே வைத்தால் எவ்வளவு அழுத்தினும் தந்தி கரகரக்கும், விரலும் நோகும். முதல் இரண்டு மூன்று கிழமைகளில் விரல் நுனி சிறிது நோதல் இயல்பு. தோல் தடித்த பின்னர் அந்நோவு நீங்கும். இதனை முன்னரே சொல்லிவைத்தல் ஆசிரியர் கடன். கிழமைக்கு ஒருநாள் ஒரு மணி நேரம் பயில்வதினும், நாள்தோறும் பத்து நிமிடம் பயிலுதல் விரலுக்கும் மனத்துக்கும் நலம் பயக்கும்.

தாளம் நில்லாமை

மாணாக்கர் பெரும்பாலும் இடர்ப்படும் இடம் ஒரு கூட்டிலிருந்து மற்றொரு கூட்டுக்கு மாறும் இடமே. அவ்விடத்தில் வலக் கையை நிறுத்தி, இடக் கை விரல்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்து வைத்து, பின்னர் மீண்டும் வருடத் தொடங்குவர். பாட்டு ஒவ்வோர் அடியிலும் தடைப்பட்டு நிற்கும். இப்பழக்கம் வேரூன்றின் நீக்குதல் அரிது. ஆகவே, இடக் கை பிந்தினும் வலக் கை நிற்கலாகாது என்பதை முதல் விதியாகக் கொள்ளுதல் வேண்டும். விரல் உரிய இடத்தை அடையாவிடின் அடையாத நிலையிலேயே வருடிச் செல்லுக. ஒரு சுரம் தவறினால் கேட்போர் செவி அதனைப் பொறுக்கும். தாளம் அறுந்தால் பொறாது. குழுவில் இசைக்கும்போது ஒருவர் தவறிய சுரத்தை ஏனையோர் ஒலி மறைத்துவிடும். ஒருவர் நிறுத்திய தாளத்தை எவரும் மறைத்தல் இயலாது.

இதற்கு உதவும் பயிற்சி ஒன்று உண்டு. நான்கு எண்ணுக்கு ஒருமுறை மட்டும் வருடி, எஞ்சிய மூன்று எண்ணுக்குள் விரல்களை அடுத்த கூட்டுக்கு மாற்றுதல். அது கைவந்த பின் இரண்டு எண்ணுக்கு ஒருமுறையும், பின்னர் ஒவ்வோர் எண்ணுக்கும் வருடுதல். பாட்டின் வேகத்தை மாணாக்கரின் வேகத்துக்கு இறக்குவதன்றி, மாணாக்கரைப் பாட்டின் வேகத்துக்கு இழுத்தல் ஆகாது.

முப்பது பேர் உள்ள வகுப்பில் எல்லாரும் ஒரே வேகத்திற் கற்பாரல்லர். விரைந்து கற்பவர் சோர்வடையாமலும் மெல்லக் கற்பவர் பின்தங்காமலும் நடத்துதற்குப் பலரும் கையாளும் வழியொன்று உளது. வகுப்பை இரு கூறாக்கி, ஒரு கூறு சீயை மட்டும், மறு கூறு எப்பை மட்டும் வைத்துக்கொள்ளச் செய்தல். ஆசிரியர் கைகாட்டும்போது உரிய கூறு மட்டும் இசைக்கும். பாடுதல் எல்லார்க்கும் பொது. எவரும் விரலை மாற்றாமலே முழுப்பாட்டு ஒன்று ஒலித்து நிறைவுறும். பின்னர் இரு கூறும் தம் பங்கை மாற்றிக்கொள்ளும். இரண்டாம் மூன்றாம் வகுப்பிலேயே முழுப்பாட்டில் பங்குகொண்ட மாணாக்கர் அடுத்த வகுப்பிற்குத் தாமே விரைந்து வருவர்.

செவியும் ஏடும்

ஏட்டைப் பார்த்து வாசிக்கப் பயிற்றல் சிறந்ததா, செவியாற் கேட்டு வாசிக்கப் பயிற்றல் சிறந்ததா என்பது நெடுநாளைய வழக்கு. யுகுலேலேக்கு உரிய ஏடு மூவகைப்படும். விரல் வைக்கும் இடத்தைப் புள்ளியாற் காட்டும் கட்டப்படம் ஒன்று. நான்கு கோடுகளைத் தந்திகளாகக் கொண்டு மெட்டின் எண்ணை அவற்றின்மேல் எழுதும் முறை ஒன்று. ஐங்கோட்டுச் சுரவரைவு ஒன்று. முன்னைய இரண்டும் விரல் எங்கே செல்லவேண்டும் என்பதைக் கூறும். பிறக்கும் சுரம் யாது என்பதைக் கூறா. மூன்றாவது சுரத்தைக் கூறும். அதனைக் கற்பதற்குக் காலம் வேண்டும்.

முதலில் செவி, பின்னர் ஏடு என்பதே குழந்தை மொழி கற்கும் முறை. பேசக் கற்ற பின்னரே எழுத்தைக் கற்பிக்கின்றோம். இசைக்கும் அதுவே பொருந்தும். மூன்றாந் தந்தியைத் திறந்து ஒலித்தால் ஸ. அதன் இரண்டாம் மெட்டு ரி. இரண்டாந் தந்தி திறந்தால் க. அதன் முதல் மெட்டு ம. மூன்றாம் மெட்டு ப. முதற்றந்தி திறந்தால் த. அதன் இரண்டாம் மெட்டு நி. மூன்றாம் மெட்டு மேற்ஸ. மூன்று மெட்டுக்களுக்குள் ஆரோகணம் முழுவதும் அமைந்துவிடுகின்றது. மாணாக்கர் ஒவ்வொரு சுரத்தையும் பாடி, பாடிய சுரத்தைக் கருவியில் தேடிக் காணுதல் சிறந்த பயிற்சியாகும். ரி, த என்னும் இரண்டையும் ஒவ்வொரு மெட்டு இறக்கி, ரிக்கு மூன்றாந் தந்தியின் முதல் மெட்டையும் தவுக்கு இரண்டாந் தந்தியின் நான்காம் மெட்டையும் கொண்டால் மாயாமாளவகௌளை கிடைக்கும். கர்நாடக இசையில் சரளிவரிசை பயின்ற மாணாக்கர் அவ்வரிசைகளையே இக்கருவியிலும் வாசித்துப் பழகலாம்.

எனினும் கருவியின் எல்லையையும் மறைத்தலாகாது. வீணையில் தந்தியை இழுத்துக் கமகங்களை நிரப்பும் அளவுக்கு, குறுகிய நைலோன் தந்தியில் இழுத்தல் இயலாது. ஒலியும் விரைவில் அடங்கிவிடும். கூட்டுச்சுரமோ இராக இசைக்கு உரியதன்று. ஆகவே யுகுலேலே வீணைக்கு மாற்றாகாது. தாளம், சுருதி, சுர அறிவு என்னும் மூன்றையும் பலர்க்கும் எளிதிற் பயிற்றும் வாயில் என்ற அளவில் அதன் பயன் பெரிது. அவ்வாயிலின் வழியே புகுந்தவர் பின்னர் வீணைக்குச் செல்லினும், வயலினுக்குச் செல்லினும், பாடுவதோடு அமையினும் கற்றது வீண்போகாது.

முடிவுரை

யுகுலேலேயைப் பயிற்றுவோர் முன் இருவழிகள் உள்ளன. விரைவில் நான்கு கூட்டுக்களைக் காட்டி, மேடையில் ஒரு பாட்டை நிகழ்த்திக் கைதட்டல் பெறுதல் ஒன்று. சுருதியைக் கேட்பித்து, தாளத்தை நிலைநிறுத்தி, ஒவ்வொரு கூட்டின் காரணத்தையும் உணர்த்தி மெல்ல நடத்துதல் மற்றொன்று. முன்னதன் பயன் விழா நாளோடு முடியும். பின்னதன் பயன் மாணாக்கரோடு வளரும். ஹலிபாக்ஸ் பள்ளிகளின் வரலாறு காட்டுவதும் இதுவே. அங்குக் கருவி மலிவானது. அதனைப் பயிற்றிய நோக்கமோ உயர்ந்தது. நோக்கம் குன்றிய இடத்தில் அதே கருவி மீண்டும் விளையாட்டுப் பொருளாயிற்று.

"எனக்கு அது வரவில்லை" என்று கூறும் மாணாக்கர் எதிரே வரும்போது ஆசிரியர் ஆராய வேண்டுவன சில: தந்தி சுருதியில் நின்றதா, விரல் மெட்டுக்கு அண்மையில் வைக்கப்பட்டதா, தாளம் மாணாக்கரின் வேகத்துக்கு இறக்கப்பட்டதா, படிகள் வரிசையாய்க் காட்டப்பட்டனவா. இவற்றுள் ஒன்று தவறியிருப்பின் வராமை மாணாக்கர் குற்றமாகாது. அத்தவறு திருத்தப்பட்ட அன்றே, ஒற்றை விரலை மூன்றாம் மெட்டில் வைத்து நான்கு தந்திகளையும் வருடும் அச்சிறு கை, இசை தனக்கும் வரும் என்பதைத் தானே கேட்டு அறியும்.